வலது கையில் இருந்த தழும்பு

கண்ணாடியக்காவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. நாற்பத்தேழு என்று சொல்லும் உறவினர்களும் உண்டு. அவர்கள் சொல்வது தவறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாடியறையில் டாக்டரம்மா எழுதிக் கொடுக்கும் சீட்டோடு இறங்கி வருபவரை எதிரே உட்கார வைத்து, இரு கண்மணிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, லென்ஸைத் தேய்த்துப் பிரேமில் பூட்டி, காதும் மூக்கும் உறுத்தாதபடி வளைத்துக் கொடுத்தனுப்புவது அவள் வேலை. வந்தவரின் பெயர் அவள் மனத்தில் ஒருபோதும் நின்றதில்லை. "அந்த மைனஸ் நாலரை செத்துப்போயிட்டாராம், பாவம்" என்றுதான் வீட்டில் வந்து சொல்வாள்.

பிறவியிலேயே சந்தேகக்காரி. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பால் பொங்கி வழிந்தால், பாலை நம்பாமல், அருகில் நின்றவரை விசாரிப்பாள். நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகத்துக்கு, எந்தக் கை தொட்டதோ என்று, வீட்டு வாசற்படி தாண்டியதும் பழைய நாட்காட்டித் தாளால் உறை போட்டுவிடுவாள். அட்டையின் உள்மடிப்பில் இருப்பதையெல்லாம் அவள் படிப்பதே இல்லை. அங்கே புகழ்ந்திருப்பவர்கள் கூலிக்கு மாரடிப்பவர்கள் என்பது அவள் கட்சி. உறை, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் கழலும்.

இன்னொரு குறையும் உண்டு. அது தொழில் கொடுத்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலக்கண் அவளுக்கு இடப்புறம் இருக்கும். சீட்டிலும் அதை வலது என்றே எழுத வேண்டும். நாளெல்லாம் தன் இடப்பக்கத்தை வலது என்றே சொல்லிச் சொல்லி, கடைக்குள் இருக்கும்போது அவள் வாயில் இரண்டும் இடம் மாறிவிட்டன. லிஃப்ட் பழுதுபார்ப்பவரான அவள் வீட்டுக்காரர் இதை வைத்தே அவளைக் கேலி செய்து பிழைப்பு நடத்தினார்.

"உன்கிட்ட வழி கேட்டவன் வீடு போய்ச் சேந்ததா சரித்திரமே இல்லடி" என்பார்.

அந்த ஆண்டு நூலகத்தில் எல்லோரும் வரிசையில் நின்று எடுத்துப் படித்த நாவல் ஒன்று இருந்தது. பெயரைப் பற்றிய நாவல். இறந்துபோன அண்ணனின் பெயரைச் சுமந்து வாழ்நாளைக் கழிக்கும் ஒருவனின் கதை. நூலகத்தம்மா பரிந்துரைத்ததால் அக்காவும் எடுத்து வந்து, உறை போட்டு, கடையில் மதிய இடைவேளையில் படிக்கத் தொடங்கினாள். முதல் நூறு பக்கம் வரை அவளுக்கு அந்தக் கதாநாயகன் மீது எரிச்சல்தான். கண்ணாடி முன் நின்று நான் யார் நான் யார் என்று புலம்புகிறான்; வேலைக்குப் போகிற நேரத்தில் ஒருவன் இப்படிப் புலம்புவானா?

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கையிலிருந்த சோற்றுக் கரண்டி நின்றது.

அண்ணனின் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் முன்கையில் ஒரு தீத்தழும்பு என்று எழுதியிருக்கிறது. தம்பிக்குத் தழும்பு இல்லை. வேலைக்குச் சேரப் போகிற நாளுக்கு முன்பு, வீட்டுச் சாவியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தன் வலது முன்கையில் வைத்து அழுத்திக்கொள்கிறான். வாயில் துண்டைச் செருகிக்கொள்கிறான். தகப்பன் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அக்கா அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படித்தாள். அது அவள் அப்பாவின் கதை.

அப்பாவின் அண்ணன் பள்ளி இறுதித் தேர்வில் தேறி, தண்ணீர் வாரியத்தில் வேலைக்கு மனுப்போட்டு, உத்தரவு வருவதற்குப் பதினோரு நாள் முன்பு காய்ச்சலில் போய்விட்டவர். அப்பா தேர்வில் தேறாதவர். தாத்தா மூத்தவனின் சான்றிதழை இளையவன் கையில் கொடுத்தார். சாவியும் உண்மை, துண்டும் உண்மை. முப்பத்து நான்கு ஆண்டு அப்பா அந்தப் பெயரில் பம்பு ஓட்டினார். அக்காவும் அவள் தம்பியும் தங்கள் பெயருக்கு முன் போட்டுக்கொள்ளும் எழுத்து, அவர்கள் பார்த்தே இராத பெரியப்பாவின் எழுத்து. அப்பாவின் சொந்தப் பெயரை அம்மா ஒருத்திதான் சொல்வாள், அதுவும் கோபம் வந்தால் மட்டும். அது ஏதோ வசவு என்று அண்டை வீட்டார் நினைத்திருந்தார்கள். அம்மா போனபின் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அப்பா, அக்கா, தம்பி. "என் மூச்சு இருக்கிறவரைக்கும் இது வெளிய போகக்கூடாது. செஞ்சது தப்புதான், ஆனா ஊர் வாயால அதைக் கேக்க முடியாது எனக்கு" என்று இருவரிடமும் வாக்கு வாங்கியிருந்தார்.

வாரியத்தில் வேலை பார்த்தவர் வீடு அது. எந்தக் குழாயும் சொட்ட விட்டதில்லை. இது மட்டும் எங்கே சொட்டியது?

அன்று மாலை வீட்டுக்காரரிடம் பட்டும் படாமலும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, எங்கப்பா கைத்தழும்பைப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"உங்கப்பா கையில தழும்பு இருக்கா?"

"பாத்ததே இல்லையா? இருபது வருஷமா?"

"மாமனார் கையைப் பிடிச்சுப் பாக்க நான் என்ன நாடி பாக்குறவனா? ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"நீ ஒண்ணுமில்லன்னா ஒம்போது இருக்கும்."

அவர் முகத்தை ஓர் அளவெடுப்பது போல் பார்த்தாள். பொய் இல்லை. மனத்துக்குள் வைத்திருந்த பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். காலை ஆறு மணியிலிருந்து, பயத்தில் உறைந்துபோன மனிதர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களின் பயம் தெளியப் பேசிக்கொண்டே இருப்பது அவன் தொழில். பள்ளிக்கூட நாளில் அக்கா தையல் வகுப்பில் தோற்றதை, அவள் வீடு வந்து சேருமுன் தெரு முழுக்க அறிவித்தவன். ஓட்டை வாயன் என்று அம்மாவே பட்டம் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்து, அங்கே இருக்கும் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவான். அப்பாவுக்கு விரல் நடுங்கும்; கத்தியை இவனைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

அந்த ஞாயிறு அவன் சோப்புக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறைக் கதவைச் சாத்தினாள். புத்தகத்தை அவன் முன் விரித்து வைத்தாள். அவன் ஈரக்கையோடு நின்றபடியே ஒரு பக்கம் படித்தான். முகம் மாறியது.

"யாருக்கா இதை எழுதினது?"

"அதை நீதான் சொல்லணும். யார்கிட்ட சொன்னே?"

"நானா?"

"கார்ல ஏர்றவங்க எல்லார்கிட்டயும் ஊர்க்கதை பேசுறவன் நீதானே. ஒரு எழுத்தாளன் கார் ஓட்டக் கத்துக்க வந்திருப்பான். நீ வாயைத் திறந்திருப்பே. அவன் பேனாவைத் திறந்திருப்பான்."

"அக்கா, நான் ஆயிரம் பேசுவேன். இதைப் பேசமாட்டேன். அப்பா மேல சத்தியமா."

"சத்தியம் பண்ணத்தான் வாய் இருக்கே உனக்கு."

அவன் கிண்ணத்தை மேடைமீது வைத்தான். பிறகு புத்தகத்தை மறுபடி பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இதுல வலது கைன்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு இடது. நான் சொல்லியிருந்தா இடதுன்னு சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை இடது வலதுன்னு சொல்ற பொழப்பு என்னுது. மாத்திச் சொன்னேன்னா எவனாவது லாரிக்கு அடியில போவான்."

"எழுதுறவன் மாத்தியிருப்பான். திருடினவன் நம்பர் பிளேட்டை மாத்தமாட்டானா?"

"நீ முடிவு பண்ணிட்டுத்தான் கதவைச் சாத்தினே."

"ஆமா. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே. அப்பாவுக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுருவார். உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு வாய் நிக்காது."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனான். பாதி முகம் வழித்த நிலையில் அப்பா வராந்தா நாற்காலியில் காத்திருந்தது இருவருக்குமே அப்போது நினைவில் இல்லை. மறுபாதியை அக்காவின் வீட்டுக்காரர் வழித்துவிடப் போய், தாடையில் இரண்டு இடம் கீறிவிட்டார்.

அடுத்த வாரம் நூலகத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. நாவலாசிரியர் வாசகர் கூட்டத்துக்கு வருகிறார். கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். அக்கா சீட்டு எடுத்தாள். பெயர் எழுதவில்லை. "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வரும் தழும்பு வலது கையில் இல்லை, இடது கையில். இதை உங்களுக்குச் சொன்னது யார்?" என்று எழுதி, நான்காக மடித்துப் போட்டாள். கூட்டம் நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து, அந்த ஆள் யாரைச் சொல்கிறான் என்று பார்த்துவிடுவது அவள் திட்டம்.

மூன்று ஞாயிறு போயிற்று. அப்பா வேறு யாரையும் தாடை தொட விடவில்லை. வெள்ளைத் தாடி காதோரத்திலிருந்து இறங்கிக் கழுத்தை மூடியது.

"ஏம்மா, உன் தம்பிக்கு என்ன?"

"வேலைப்பா. பரீட்சை சமயம், ஆளுங்க நிறைய வராங்க."

"கார் ஓட்டுறதுக்குக்கூடப் பரீட்சை சமயம் உண்டா?" என்றார் அப்பா. அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

புத்தகத்தைத் திருப்பும் நாள் வந்தது. மதியம் கடையில் உட்கார்ந்து நாட்காட்டித் தாளை ஒட்டுப்போட்ட இடத்தில் மெல்லப் பிரித்தாள். பின்னட்டையின் உள்மடிப்பு விரிந்துகொண்டது. ஆசிரியரின் வண்ணப்படம். முகத்தை அவள் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளிநிறப் பிரேம். ஒரு காது தாழ்ந்தவருக்காகச் சூடுகாட்டி வளைத்த கம்பி. ஒரு பக்கத்துத் திருகாணி மட்டும் பித்தளை நிறம்.

அது அவள் கைவேலை. அன்று வெள்ளிநிறத் திருகாணி தீர்ந்துபோய், அப்புறம் வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த ஆள் வரவே இல்லை.

இழுப்பறையைத் திறந்து, நினைவில் நின்ற அளவை வைத்து, பழைய அட்டைகளில் கண்மணித் தூரம் அறுபத்தாறு என்பவற்றைத் தேடினாள். ஏழாவதாக அகப்பட்டது. அட்டையில் இருந்த பெயர் வேறு. புத்தகத்தில் இருந்தது புனைபெயர். தேதி இரண்டரை வருடத்துக்கு முந்தையது. கீழே அவள் கையெழுத்தில்: "கண்மருந்து விட்டது. காத்திருப்பு நாற்பது நிமிடம்."

மருந்து விட்டுக்கொண்டவர்கள் கடையின் பின்பக்க இருட்டறையில் உட்கார்ந்திருப்பார்கள். பார்வை மங்கி, முகம் தெரியாமல், பொழுது போகாமல் தவிப்பார்கள். எதிரே உட்கார்ந்து அவர்களுக்கு ஏதாவது கதை சொல்வது அக்காவின் வழக்கம். "எங்க தெருக்கோடியில ஒருத்தர் இருந்தார்..." என்று, ஆளை மட்டும் மாற்றி, வீட்டுக் கதையைத் தொடங்குவாள். இருபத்திரண்டு வருடமாக அதைப் பேச்சு என்றே அவள் எண்ணியதில்லை. எதிரில் இருப்பவருக்குக் கண் தெரியவில்லை, ஆகவே அங்கே ஆளில்லை என்பது போல் ஓர் எண்ணம். கண்ணுக்குத்தான் மருந்து விட்டிருந்தது, காதுக்கு விடவில்லை.

அவள் தன் இடது கையைத் தூக்கி, முன்கையில் விரலை வைத்துப் பார்த்தாள். இங்கேதான் என்று தொட்டுக் காட்டியிருப்பாள். தொட்டுக்கொண்டே, கடைப் பழக்கத்தில், "வலது கையில" என்று சொல்லியிருப்பாள். அந்த ஆளுக்குக் கை தெரியவில்லை. காதில் விழுந்ததை எழுதினான். அந்தப் பிழையை உலகத்தில் வேறு எவரும் செய்திருக்க முடியாது.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினாள். பெட்டி திறந்திருந்தது. நூலகத்தம்மா மேசையில் நான்கு சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்.

"வாங்க. மூணு பேர் அவருக்குப் பிடிச்ச நிறம் என்னன்னு கேட்டிருக்காங்க. இது ஒண்ணுதான் என்னன்னே புரியல. கேள்வியா, வழக்கா?"

"அது என்னுதுங்க. திருப்பிக் குடுத்துருங்க."

நூலகத்தம்மா சீட்டைக் கொடுக்கவில்லை. மூக்குநுனியில் இருந்த கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அதையும் பூட்டியவள் அக்காதான்.

"கதையில வர்ற ஆளுக்கு இடது கைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தம்பியிடம் தான் கேட்ட அதே குரல்; இப்போது அது தன்னைக் கேட்கிறது.

"எனக்கு எப்பவுமே இடது வலது குழம்பும்மா. கண்ணாடிக்கடை வேலை. வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

நூலகத்தம்மா சிறிது யோசித்தார். "அட, ஆமா. அன்னைக்கு நகராட்சி ஆபீசுக்கு வழி கேட்டேன். குப்பைக்கிடங்குல கொண்டுபோய் விட்டீங்களே" என்று சொல்லிச் சிரித்து, சீட்டை நீட்டினார். அக்கா வெளியே வந்து அதை எட்டாகக் கிழித்து, இரண்டு வெவ்வேறு குப்பைத்தொட்டிகளில் போட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஓட்டுநர் பள்ளியின் முன் நின்றாள். பயிற்சிக் காரில் தம்பி தனியாக இருந்தான். மறு பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அவன் முன்னால் பார்த்தபடியே இருந்தான்.

"நான்தான்டா" என்றாள்.

"நான்தான்னா?"

சொன்னாள். இருட்டறை, கண்மருந்து, திருகாணி, கை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். முடித்தபோது கார் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"அம்மா எனக்குத்தான் ஓட்டை வாய்னு பேர் வச்சா" என்றான் தம்பி.

"பேரை மாத்தி வச்சுட்டா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "மூணு வாரம், அக்கா. ஒரு போன் பண்ணி, நீ சொல்லலதானேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல. தப்புதான். என்னைத் திட்டு."

"திட்டுறேன். நேரம் இருக்கு." சாவியைத் திருகினான். "அப்பா தாடி எவ்வளவு வளந்திருக்கு?"

"நெஞ்சைத் தொடப் போகுது."

"கத்தரிக்கோலும் வேணும் அப்போ."

ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் நாற்காலி போடப்பட்டது. தம்பி முதலில் கத்தரித்து, பிறகு நுரை தடவினான். அக்கா வெந்நீர்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இருவரும் முந்தின நாள் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஒரு கன்னம் முடிந்தபோது அப்பா கண்ணை மூடியபடியே பேசினார்.

"நீ ஒரு புத்தகம் வச்சிருந்தியே, நாட்காட்டித் தாள் போட்டு. நீ கடைக்குப் போனப்போ படிச்சேன்."

கத்தி நின்றது.

"அதுல ஒருத்தன் வர்றான். என்னை மாதிரியே பண்ணியிருக்கான். முதல்ல பகீர்னுச்சு. அப்புறம் பாத்தா, வலது கைன்னு போட்டிருக்கு. சரி, நம்ம ஆள் இல்லன்னு மேல படிச்சேன்." வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டார். "அவன் என்னமோ நாலு பக்கத்துக்கு ஒரு தடவை அழறான். எனக்கு அழ எங்க நேரம்? பம்பு ஒரு நிமிஷம் நின்னா பாதி ஊருக்குத் தண்ணி வராது. ஆனா ஒண்ணு. இப்படிப் பண்ணவன் நான் ஒருத்தன்தான்னு நினைச்சுட்டிருந்தேன். அறுபது வருஷமா. இன்னொருத்தனும் இருந்திருக்கான் பாரு."

"ஆமாப்பா" என்றாள் அக்கா.

"தலையை ஆட்டாதீங்கப்பா" என்று தம்பி தேவையில்லாமல் சொன்னான்.

மறு கன்னமும் முடிந்தது. அப்பா துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டைக்கை நழுவி, இடது முன்கையில் சாவியின் தலை போல ஒரு வட்டம் தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"உறைக்குள்ள விரலை விட்டுப் பாத்தேன். எழுதினவன் படம் இருந்துச்சு. கண்ணாடி நல்லா உக்காந்திருக்கு அந்த ஆளுக்கு, உன் கைவேலை மாதிரியே."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மறுபடி உன் கடைக்கு வந்தான்னா," என்று அப்பா எழுந்துகொண்டே சொன்னார், "அந்தத் திருகாணியை மாத்திக் குடு. பாக்கச் சகிக்கல."

மறுநாள் அக்கா அந்த அட்டையோடு ஒரு வெள்ளிநிறத் திருகாணியைச் சிறு உறையில் போட்டுக் குத்தி வைத்தாள். கூட்டத்துக்கு அவள் போகவில்லை. அந்த ஆள் இதுவரை கடைக்கு வரவுமில்லை. இருட்டறையில் உட்காருகிறவர்களுக்கு இப்போது வானொலி போட்டுவிடுகிறாள். வழி கேட்டால் மட்டும், கையை நீட்டிக் காட்டிவிட்டு வாயைத் திறவாமல் இருந்துவிடுகிறாள்.